எண்ணெயில் நஞ்சு கலந்தால்

1977, 78-ஆம் ஆண்டுகளில் இலங்கையில் இளம்பெண்கள் சிலர் கால் விளங்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இருபது பேருக்கும் மேல். காய்ச்சல் வந்து படுத்தவர்கள் இல்லை, விழுந்து அடிபட்டவர்களும் இல்லை. நேற்றுவரை ஓடியாடிய பிள்ளைகளுக்குப் பாதம் தொங்கிப்போயிற்று. எல்லோரும் ஏறத்தாழ ஒரே பருவத்தினர். இந்த வயதுப் பெண்களை மட்டும் நோய் ஏன் தேடிப் பிடித்தது என்பதுதான் மருத்துவர்களுக்குப் புரியவில்லை.

விடை நல்லெண்ணெயில் இருந்தது. பிள்ளை பெரியவளானதும் நல்லெண்ணெய் கொடுத்தால் உடம்பு தேறும், இடுப்பு எலும்பு பலப்படும் என்பது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. பிள்ளை பெற்றவளுக்கும் அப்படியே கொடுப்பார்கள். அந்தப் பெண்களுக்குக் கொடுத்த எண்ணெயில் ட்ரைகிரெசைல் பாஸ்பேட் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. இது இயந்திர எண்ணெய்களிலும் பிளாஸ்டிக் தொழிலிலும் பயன்படுவது, நரம்பைக் கெடுக்கும். எள்ளில் குற்றமில்லை, ஆட்டியவர் வேண்டுமென்று கலந்ததாகவும் தெரியவில்லை. முன்பு இயந்திர எண்ணெய் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றிக் கொண்டுவந்ததுதான் காரணமாக இருக்கவேண்டும் என்று சேனநாயக்க, ஜெயரத்தினம் என்ற இரு மருத்துவர்கள் 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் இந்த ஒரு நிகழ்ச்சிக்குள்ளேயே இருக்கிறது. எண்ணெய் நல்லதாக இருந்தாலும் அது வந்த பாத்திரம் கெட்டதாக இருக்கலாம். நஞ்சு கலந்தது நாக்குக்கும் மூக்குக்கும் தெரியாமல் போகலாம். வீட்டில் யாருக்கு அக்கறையோடு அதிகம் கொடுக்கிறோமோ அவர்தான் முதலில் விழுவார். இன்னொன்றும் உண்டு: ஒரே மாதிரி நோய் ஒரே நேரத்தில் பலருக்கு வந்தால், அவர்கள் எல்லோரும் பொதுவாக எதைச் சாப்பிட்டார்கள் என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். அதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பஜ்ஜி சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும், சிக்கடித்த எண்ணெயில் சமைப்பதும் கெடுதல்தான். ஆனால் அவை மெல்ல மெல்ல உடம்பைக் கெடுப்பவை; அவற்றைப் பற்றிப் பேச வேறு இடம் உண்டு. இங்கே பேசுவது வெளியிலிருந்து எண்ணெய்க்குள் வந்த நஞ்சைப் பற்றி. சில நாளிலோ சில வாரத்திலோ ஆளைச் சாய்க்கக்கூடியது அது.

நஞ்சு எந்த வழியாக வருகிறது

பாத்திரத்தின் வழியாக வருவதைப் பார்த்தோம். ஆசையின் வழியாகவும் வரும். 1959-இல் மொராக்கோ நாட்டின் மெக்னெஸ் நகரத்தில் சுமார் 10,000 பேருக்குக் கைகால் விழுந்தது. அமெரிக்க விமானத் தளத்தில் மிச்சமாகி விற்கப்பட்ட ஜெட் எஞ்சின் எண்ணெயை வியாபாரிகள் வாங்கிச் சமையல் எண்ணெயில் கலந்து விற்றிருந்தார்கள். அதிலும் இதே கிரெசைல் பாஸ்பேட் குடும்பத்து நஞ்சுதான். 1988-இல் கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் நூற்றுக்கணக்கானோரை முடக்கிய எண்ணெயிலும் அதுவே இருந்தது. எண்ணெயோடு எண்ணெயாகக் கரைந்துவிடும், நிறமும் ருசியும் காட்டிக்கொடுக்காது என்பதால் இந்த நஞ்சு இத்தனை ஊர்களில் தப்பித்து வந்திருக்கிறது.

விதையின் வழியாக வருவது இன்னொன்று. பிரம்மதண்டுச் செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தரிசிலும் ரயில் பாதையோரத்திலும் தானாக முளைக்கும். இலையெல்லாம் முள், உச்சியில் பளிச்சென்று மஞ்சள் பூ. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்து நம் ஊரில் நிலைத்துவிட்ட செடி. இதன் காய் வெடித்தால் உள்ளே கடுகு போலவே சின்னஞ்சிறு கறுப்பு விதைகள். வடக்கே கடுகு வயல்களில் இது களையாக வளர்ந்து, அறுவடையில் கடுகோடு கலந்து செக்குக்குப் போய்விடும். வேண்டுமென்று கலப்பவர்களும் உண்டு. இந்த விதையின் எண்ணெயில் இருக்கும் சாங்குவினரின் என்ற பொருள் இரத்தத் தந்துகிகளை விரியவைத்து அவற்றிலிருந்து நீரைக் கசியவிடும். கால் வீங்கும், நுரையீரலில் நீர் சேரும், இதயம் திணறும். 1877-இல் கல்கத்தாவில் முதன்முதலாகப் பதிவான இந்த நோய்க்குக் கொள்ளை நீர்க்கோவை என்று பெயர் சொல்லலாம். காரணம் பிரம்மதண்டு என்று உறுதியாகத் தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 1998 ஆகஸ்டில் டெல்லியில் சுமார் 3,000 பேர் நோயுற்று 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடுகெண்ணெயைச் சில்லறையாக அளந்து விற்பதை அரசு தடுத்தது அதன் பிறகுதான்.

நாம் கடுகெண்ணெயில் சமைப்பதில்லையே என்று இந்தப் பத்தியைத் தாண்டிவிட வேண்டாம். திருப்பூரிலும் சென்னையிலும் வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் அதில்தான் சமைக்கிறார்கள். ஒரு அறையில் எட்டுப் பேர் தங்கி ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிடுகிறவர்கள், விலை குறைந்த எண்ணெயைத்தான் வாங்குவார்கள். உங்கள் பட்டறையிலோ கட்டட வேலையிலோ அவர்கள் இருந்தால், நான்கைந்து பேருக்கு ஒரே வாரத்தில் கால் வீங்குவதை முதலில் பார்க்கப்போவது நீங்கள்தான். நம் தாளிப்புக் கடுகைப் பற்றிப் பயப்பட வேண்டாம். அரைக் கரண்டிக் கடுகில் ஒன்றிரண்டு விதை மாறிப்போவது வேறு, விதையைப் பிழிந்து எண்ணெயாக்கி நாளெல்லாம் சாப்பிடுவது வேறு. ஆனாலும் கடுகை மொத்தமாக வாங்குகிறவர் ஒரு பிடியை உள்ளங்கையில் பரப்பி வெளிச்சத்தில் பாருங்கள். கடுகின் தோல் வழவழப்பாக இருக்கும். நகத்தால் நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரம்மதண்டு விதையின் தோல் சொரசொரப்பாக இருக்கும். நசுக்கினால் உள்ளே வெள்ளை.

தொழிற்சாலைக்குள்ளேயே நஞ்சு சேர்வதும் உண்டு. 1968-இல் மேற்கு ஜப்பானில் தவிட்டு எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு முகமெல்லாம் கறுத்த பருக்கள் வந்தன, கண்ணில் பீளை தள்ளியது. எண்ணெயின் வாடை நீக்கச் சூடேற்றும் குழாயிலிருந்து பிசிபி என்ற வேதிப்பொருள் கசிந்திருந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே அதே ஆலையின் கழிவெண்ணெய் சேர்த்த தீவனத்தைத் தின்று லட்சக்கணக்கான கோழிகள் செத்திருந்தன. கோழிகள் செத்தபோதே அந்த ஆலையின் சமையல் எண்ணெயையும் சோதித்திருந்தால் மனிதர்கள் தப்பியிருப்பார்கள். 1979-இல் தைவானில் இதே நஞ்சு, இதே தவிட்டு எண்ணெய் வழியாகத் திரும்பவும் வந்தது.

ஸ்பெயின் நாட்டுக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1981 மே 1-ஆம் தேதி மாட்ரிட்டுக்கு அருகில் டொரஹோன் என்ற ஊரில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் மூச்சுத்திணறி மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தான். அவன் வீட்டில் மற்றவர்களுக்கும் அதே நோய். அடுத்தடுத்த நாட்களில் மருத்துவமனைகள் நிரம்பின. காய்ச்சல், இருமல், நெஞ்சுப் படத்தில் நிமோனியா போன்ற நிழல். தொற்றுநோய் என்றே எல்லோரும் நினைத்தார்கள், ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், கேட்கவில்லை. குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த டாக்டர் தபுவென்கா என்பவர் பெற்றோர்களிடம் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று விடாமல் விசாரித்தார். தெருவில் கொண்டுவந்து விற்கிற, பெயரோ முத்திரையோ இல்லாத, 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன் எண்ணெய் எல்லோர் வீட்டிலும் இருந்தது. ஆலிவ் எண்ணெய் என்று சொல்லி விலை மலிவாக விற்றிருந்தார்கள். உண்மையில் அது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென்று பிரான்சிலிருந்து இறக்குமதியான ரேப்சீட் எண்ணெய். மனிதர்கள் சாப்பிடக்கூடாது என்பதற்காகவே அதில் 2 விழுக்காடு அனிலின் சேர்த்திருந்தார்கள். அந்த அனிலினை நீக்கிவிட்டதாக நினைத்துச் சுத்திகரித்து விற்றார்கள். ஜூன் 10-ஆம் தேதி அரசு தொலைக்காட்சியில் அறிவித்ததும் புதிய நோயாளிகளின் வரத்து சரிந்தது. ஆனால் அதற்குள் சுமார் 20,000 பேர் நோயுற்றிருந்தார்கள். இரண்டே ஆண்டுகளுக்குள் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பியவர்களிலும் பலருக்குத் தசை கரைந்து, தோல் இறுகி, கை மடக்க முடியாமல் போனது.

முதல் மரணத்துக்கும் அறிவிப்புக்கும் இடையே 40 நாட்கள். அந்த 40 நாட்களும் மக்கள் அதே எண்ணெயில்தான் சமைத்தார்கள். நோயாளிக்குக் கஞ்சி தாளித்ததும் அதில்தான் இருந்திருக்கும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

ஒருவருக்கு மட்டும் கால் வீங்கினால் அதற்கு நூறு காரணம் உண்டு. சிறுநீரகம், இதயம், கர்ப்பம், நெடுநேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை. ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு, அதுவும் வெவ்வேறு வயதினருக்கு, ஒரே வாரத்தில் வீங்கினால் நூறு காரணமும் உதிர்ந்து ஒன்றிரண்டுதான் மிஞ்சும். அப்போது எண்ணெயை நினையுங்கள்.

பிரம்மதண்டு நஞ்சில் இரண்டு காலும் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். தோல் சிவந்து தொட்டால் வலிக்கும், எரியும். பலருக்கு அதற்கு முன்பே வயிற்றுப்போக்கு வந்து போயிருக்கும். பிறகு படியேறினால் மூச்சு வாங்கும், படபடப்பு வரும். சிலருக்குக் கண்ணில் நீரழுத்தம் கூடி, விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். கவனிக்காவிட்டால் பார்வையே போகும்.

கிரெசைல் பாஸ்பேட் நஞ்சு இப்படி நேராக வராது. இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். முதலில் வாந்தி, பேதி என்று ஓரிரு நாள் படுத்தும். சிலருக்கு அதுவும் இருக்காது. பிறகு எல்லாம் சரியாகிவிடும். ஆள் வேலைக்குப் போய்விடுவார். ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக் கெண்டைக்கால் வலிக்கும், பாதம் மரத்துப்போகும், நடக்கும்போது செருப்பு கழன்று விழும். பாதத்தை மேலே தூக்க முடியாமல் தரையில் இழுத்து நடப்பார். அடுத்துக் கையில் பலம் குறையும். இந்த இடைவெளியில் பழைய எண்ணெய் தீர்ந்து புது எண்ணெய் வாங்கியிருப்பார்கள். வாந்தி வந்த நாளை யாரும் நினைவு வைத்திருக்க மாட்டார்கள். எனவே யாருக்காவது திடீரென்று பாதம் தொங்கினால் மூன்று நான்கு வாரம் பின்னோக்கிப் போய் யோசியுங்கள். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கைகால் தளர்ந்தால், போலியோ கண்காணிப்புக்காக அரசு மருத்துவர்கள் அதைக் கட்டாயம் பதிவு செய்து சோதிப்பார்கள். அந்த வாய்ப்பிலேயே எண்ணெய்ச் சந்தேகத்தையும் சொல்லிவிடுங்கள்.

யார் நோயுற்றார்கள் என்பதைப் போலவே யார் நோயுறவில்லை என்பதும் துப்புத்தான். வீட்டில் எல்லோருக்கும் நோய், தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை சௌக்கியம். அறையில் ஏழு பேர் படுத்துவிட்டார்கள், ஓட்டலில் சாப்பிடுகிற ஒருவர் மட்டும் நன்றாக இருக்கிறார். இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் எழுதிவையுங்கள். அதே போல வீட்டில் ஒருவர் மட்டும் எண்ணெயைப் பச்சையாகக் குடிக்கிறாரா, பிள்ளைத்தாய்ச்சிக்கோ பெரியவளான பெண்ணுக்கோ களியில் தனியாக ஊற்றிக் கொடுக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். இலங்கையில் நடந்ததுபோல அவர் ஒருவர் மட்டும் விழலாம்.

சந்தேகம் வந்த அந்த நிமிடம்

அடுப்பை அணையுங்கள். அந்த எண்ணெயில் செய்த எதையும், ஊறுகாய், பொடி, முறுக்கு உட்பட, யாரும் தொடக்கூடாது. நாய்க்கும் கோழிக்கும் போட வேண்டாம். மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

எண்ணெயைக் கொட்டாதீர்கள்.

பயத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். சாக்கடையில் ஊற்றி, கேனைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். அதோடு சாட்சி போய்விடும். என்ன நஞ்சு என்று தெரியாமல் மருத்துவர் இருட்டில் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். அதே டின்னிலிருந்து வாங்கிய அடுத்த தெருக்காரர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

எண்ணெயை அது இருக்கும் கேனிலேயே விடுங்கள். கேனும் சோதனைக்கு வேண்டும். இலங்கையில் குற்றவாளி கலன்தான் என்பதை மறக்காதீர்கள். மூடியை இறுக்கி, மேலே ஒரு தாளை ஒட்டி, ‘நஞ்சுச் சந்தேகம், சமைக்கக்கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் இருந்தால் வாய்ப்பகுதியைத் துணியால் கட்டிப் பரண்மேல் வையுங்கள். எண்ணெய் வேறு பாத்திரத்துக்கு மாற்றப்பட்டிருந்தால், நன்றாகக் கழுவி ஈரமில்லாமல் உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் கால் லிட்டராவது ஊற்றி மூடுங்கள். மருந்துப் புட்டியோ பழைய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோ வேண்டாம். வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். எண்ணெயின் பெயர், வாங்கிய கடை, வாங்கிய நாள், திறந்த நாள், விலை ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி அதோடு சேர்த்துக் கட்டுங்கள். ரசீது இருந்தால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடை ரசீதின் மை சில வாரத்தில் வெளுத்துப்போகும்.

கடைக்காரர் நல்ல மனதோடு, “அதைக் கொண்டாங்க, வேற தர்றேன்” என்று சொல்லலாம். கொடுக்காதீர்கள். ஸ்பெயினில் அரசே இப்படிச் செய்தது. சந்தேக எண்ணெயைக் கொண்டுவந்தால் ஆலிவ் எண்ணெய் தருவோம் என்று அறிவித்தது. மக்களைக் காப்பாற்ற எடுத்த நல்ல முடிவுதான் அது. ஆனால் எந்தக் கேன் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஒழுங்காகக் குறித்துவைக்கவில்லை. இலவச ஆலிவ் எண்ணெய்க்காக வேறு எண்ணெயைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும் இருந்தார்கள். பிற்பாடு எந்த எண்ணெய் எந்த நோயாளியைப் பாதித்தது என்று ஆராய்ந்தவர்கள் மிகவும் சிரமப்பட்டார்கள். சரியாக எந்த மூலக்கூறு அத்தனை பேரைக் கொன்றது என்பது இன்றுவரை முழுதாக நிரூபிக்கப்படவில்லை.

மருத்துவரிடம் போனதும் முதல் வாக்கியத்திலேயே இதைச் சொல்லுங்கள்: “எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு இப்படி இருக்கிறது. பத்து நாளைக்கு முன் புது எண்ணெய் வாங்கினோம்.” கூட்டமான வெளிநோயாளர் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். ஒவ்வொருவரும் தனித்தனியாக வரிசையில் நின்று தனித்தனியாகக் கால் வீக்கம் என்று சொன்னால், தனித்தனியாக நீர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். எல்லோரும் சேர்ந்தே உள்ளே போங்கள். சாப்பிட்டவர்களின் பெயர், வயது, நோய் தொடங்கிய நாள், சாப்பிடாதவர்களின் பெயர் எல்லாம் உள்ள தாளைக் கையில் கொடுங்கள். எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் மருத்துவரும் கேட்கலாம், நீங்களும் கேட்கலாம்.

பிரம்மதண்டு, கிரெசைல் பாஸ்பேட் ஆகிய இரண்டு நஞ்சுக்கும் முறிவு மருந்து கிடையாது. நிறுத்துவதுதான் முதல் மருந்து. பிரம்மதண்டு நஞ்சில் எண்ணெயை நிறுத்தி, ஓய்வெடுத்து, புரதம் உள்ள உணவு சாப்பிட்டு, இதயத்துக்கும் மூச்சுக்கும் மருத்துவர் தரும் மருந்தை எடுத்தால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். வீக்கத்துக்குப் பார்லிக் கஞ்சி குடித்துக்கொண்டு அதே எண்ணெயில் சமைப்பதுதான் ஆளைக் கொல்லும். கிரெசைல் பாஸ்பேட்டில் கை பெரும்பாலும் திரும்பிவிடும். கால் முழுதாகத் திரும்பாமல் விறைப்பு நிற்கலாம். அதனால் இயன்முறைப் பயிற்சியைத் தொடக்கத்திலேயே ஆரம்பிக்க வேண்டும், மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். வாந்தி எடுக்கவைப்பது, விளக்கெண்ணெய் கொடுத்துக் கழியவைப்பது எல்லாம் வேண்டாம். நஞ்சு பல நாளாக உள்ளே போனது. ஒரு வாந்தியில் வெளியே வராது.

வாங்கும்போது

நம் நாட்டில் சமையல் எண்ணெயைச் சில்லறையாகத் திறந்த டின்னிலிருந்து அளந்து விற்கக்கூடாது. அரசு தனியாக விலக்கு அளித்தால் ஒழிய அடைத்து, முத்திரையிட்டு, விவரம் அச்சிட்டுத்தான் விற்க வேண்டும். ஆனாலும் ஐம்பது ரூபாய்க்கு எண்ணெய் வாங்குகிற ஏழை வீடுகள் இருக்கும்வரை பம்ப் வைத்த டின் கடையில் இருக்கத்தான் செய்யும். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கு நான் சொல்வது, நூறு மில்லி, இருநூறு மில்லிச் சிறு பாக்கெட்டுகள் கிடைக்கின்றன; ஒன்றிரண்டு ரூபாய் கூடினாலும் அதை வாங்குங்கள். பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண், தயாரித்த நாள், தொகுதி எண், ஆலையின் முகவரி இருக்கிறதா பாருங்கள். முத்திரை இருந்துவிட்டால் நஞ்சே வராது என்று நான் சொல்லமாட்டேன். வந்தால் எந்தத் தொகுதி என்று தெரியும், ஊர் முழுக்க அதை ஒரே நாளில் நிறுத்த முடியும். தெருவில் வண்டியில் வருகிற பெயரில்லாத கேனில் அது முடியாது. சந்தை விலையில் பாதிக்கு யாராவது நல்லெண்ணெய் தந்தால் வாங்காதீர்கள். எள் விலை தெரிந்த எவரும் அந்த விலைக்குக் கொடுக்க முடியாது.

தீப எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மளிகைக் கடையில் நல்லெண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்திலேயே அதே வடிவத்தில், அதே மஞ்சள் நிறத்தில், கோபுரப் படமோ குத்துவிளக்குப் படமோ போட்டு அடுக்கியிருப்பார்கள். விலை குறைவாக இருக்கும். மூலையில் பொடி எழுத்தில் ‘விளக்கேற்ற மட்டும், உண்பதற்கு அல்ல’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே என்ன எண்ணெய் என்று பெரும்பாலும் இருக்காது. மலிவான கனிம எண்ணெய்கூடக் கலந்திருக்கலாம். கண் மங்கிய பாட்டியோ, அவசரத்தில் சமைக்கிற பேத்தியோ, தமிழ் படிக்கத் தெரியாத வீட்டு வேலைக்காரப் பெண்ணோ அதை எடுத்துத் தாளித்துவிட எவ்வளவு நேரம் ஆகும்? தீப எண்ணெயைச் சமையலறையில் வைக்காதீர்கள். சாமி மாடத்திலேயே வையுங்கள். பழைய நல்லெண்ணெய்ப் புட்டியில் அதை ஊற்றி வைக்காதீர்கள். சமைக்கிற நல்லெண்ணெயையே விளக்குக்கும் ஊற்றுவது இன்னும் நல்லது.

செக்கில் ஆட்டி வாங்குகிறவர்கள் எள்ளையும் கடலையையும் பார்த்துப் பார்த்துப் புடைத்து எடுத்துப்போவார்கள். எண்ணெய் வாங்க என்ன எடுத்துப்போகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? வீட்டில் கிடக்கிற ஏதோ ஒரு 5 லிட்டர் கேன். பினாயில் வந்ததாக இருக்கும், பூச்சிமருந்து வந்ததாக இருக்கும், மோட்டார் ஆயில் வந்ததாகவும் இருக்கும். சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினோமே என்பார்கள். பிளாஸ்டிக் தான் குடித்ததை எண்ணெயிடம் திருப்பிக் கொடுக்கும். தண்ணீருக்கு விடாததை எண்ணெய்க்கு விடும். எவர்சில்வர் தூக்கு ஒன்றை எண்ணெய்க்கென்றே ஒதுக்கி வையுங்கள். செக்குக்காரரிடமும் எண்ணெய் தேக்கிவைக்கும் பீப்பாய் முன்பு எதற்கு இருந்தது என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. நல்ல செக்குக்காரர் உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார். கல்யாணத்துக்கும் கோயில் அன்னதானத்துக்கும் டின் கணக்கில் வாங்குகிறவர்கள் முத்திரை உடையாத டின்னாகப் பார்த்து வாங்கி, பந்தி முடிந்து நான்கு வாரம் வரையாவது ஒரு புட்டி எண்ணெயை எடுத்து வைத்திருங்கள். ஆயிரம் பேர் சாப்பிடுகிற இடத்தில் அந்த ஒரு புட்டி பெரிய பாதுகாப்பு.

வீட்டுச் சோதனைகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தேங்காய் எண்ணெயைக் குளிர்பெட்டியில் வைத்து, உறையாத பகுதி தனியே நின்றால் வேறு எண்ணெய் கலப்பு என்று அறியலாம். அது சரியான சோதனைதான். ஆனால் அது கலப்படத்தைச் சொல்லுமே தவிர நஞ்சு இல்லை என்று சொல்லாது. பிரம்மதண்டுக்கு நைட்ரிக் அமிலம் விட்டுச் சிவப்பு வருகிறதா என்று பார்ப்பார்கள். அது ஆய்வுக்கூடத்தில் செய்ய வேண்டியது, அடுக்களையில் அந்த அமிலம் இருக்கவே கூடாது. மோந்து பார்ப்பதையும் விடாதீர்கள். மண்ணெண்ணெய், டீசல் வாடை லேசாக வந்தாலும் ஒதுக்கிவிடுங்கள். வாடை இல்லாததனால் நல்ல எண்ணெய் என்று மட்டும் முடிவுகட்ட வேண்டாம்.

யாரிடம் சொல்வது

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரும், வட்டார அளவில் உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் இருக்கிறார்கள். மருத்துவமனையிலிருந்தே அவர்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். நீங்களும் தனியாக எழுத்தில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். ஃபுட் சேஃப்டி கனெக்ட் என்ற செயலியிலும் புகார் பதியலாம். இலங்கையில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்ல வேண்டும்.

அதிகாரி வரவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, பொருளை வாங்குகிற எவரும், சோதிக்கப்போவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ளலாம் என்கிறது. குற்றம் உறுதியானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டில் சென்னை கிண்டி, தஞ்சாவூர், மதுரை, கோயம்புத்தூர், சேலம், பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் உள்ளன. எதைத் தேட வேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிப் போங்கள். ‘எண்ணெய் நல்லதா’ என்று பொதுவாகக் கேட்டால் அமிலத்தன்மையையும் ஈரப்பதத்தையும் பார்த்து நல்லது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கிரெசைல் பாஸ்பேட் இருக்கிறதா, பிரம்மதண்டு எண்ணெய் இருக்கிறதா, கனிம எண்ணெய் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அதே சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி, பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் குறைந்தது 5 லட்சம் ரூபாயும், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் ரூபாய் வரையும் இழப்பீடு உண்டு. இதைப் பெற ரசீதும், எடுத்துவைத்த எண்ணெயும், மருத்துவக் குறிப்பும் வேண்டும்.

அண்டை வீடுகளுக்குச் சொல்லத் தயங்காதீர்கள். சோதனை முடிவு வருவதற்கு நாளாகும். அதுவரை கடைக்காரரின் பெயரைக் கெடுக்க வேண்டாம் என்று தோன்றுவது இயல்புதான். கடைக்காரரே ஏமாந்தவராக இருக்கலாம். குற்றம் சாட்ட வேண்டாம். ‘இந்த எண்ணெயைச் சாப்பிட்ட எங்களுக்கு இப்படி ஆயிற்று, முடிவு தெரியும்வரை நிறுத்திவையுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் கடைக்காரரிடமும் அதையே சொல்லி, மிச்ச டின்னை விற்காமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இன்று மாலை கடையிலிருந்து வாங்கி வருகிற எண்ணெயிலிருந்தே தொடங்குங்கள்: புட்டியின் மேல் வாங்கிய நாளையும் கடையின் பெயரையும் எழுதி, ரசீதைப் படம் எடுத்து வையுங்கள்.